ஒன்பது கோவில்களும் ஒரு பேரேடும்

திருச்சிராப்பள்ளியை விட்டுத் தெற்கே புறப்படும் ரயில் காவிரியின் பசுமையைச் சிறிது நேரத்திலேயே கைவிட்டுவிடுகிறது. அப்பால் புதுக்கோட்டையைத் தாண்டிக் காரைக்குடி வரையில், செம்பூராங்கல் படிந்த மேட்டு நிலமும், வேலிக்கருவைப் புதர்களும், மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கண்மாய்களும், இடையிடையே சில தைலமரத் தோப்புகளுமே பிரயாணியின் கண்ணில் படுகின்றன. நதி இல்லை, துறைமுகம் இல்லை, செழித்த நஞ்சை நிலமும் மிகுதியாக இல்லை. இத்தகைய பூமியில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறுதெருவிலுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகளைப் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கொண்டு ஊர் ஊராகக் கட்டி எழுப்பிய ஒரு ஜனசமூகம், ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சைகோனிலும் பொருள் ஈட்டியபோதிலும், அந்தச் செழிப்பான பட்டணங்களில் குடியேறிவிடாமல் இந்தக் கருவைக் காட்டுக்கே திரும்பி வந்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்வி பல காலமாக என் மனத்தில் இருந்து வந்தது. அதற்கு விடை தேடியே தை மாதத்தில் செட்டிநாட்டுக்குப் பிரயாணமானேன்.

தை மாதத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. காரைக்குடிக்கு மேற்கே உள்ள குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்கு முன்பாக, நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்றும் வழங்கப்படும் இச்சமூகத்தாராகிய நகரத்தாரின் காவடிகள் பழனிக்குப் புறப்படும். குன்றின் மேல் சண்முகநாதர் சந்நிதி. அடிவாரத்தில் மயிற்பீலி செருகிய காவடிகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைந்த திருநீறுமாக முதியவர்களும், விடுப்பெடுத்துக்கொண்டு பட்டணங்களிலிருந்து வந்த வாலிபர்களும், கடல் கடந்த தேசங்களிலிருந்து இதற்கென்றே வந்து இறங்கியவர்களும் ஒரே கூட்டமாய்க் கலந்திருக்கிறார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பாதை நீளுகிறது. பல நாள் நடை. வழியில் தங்கும் இடங்கள், உணவு சமைக்கும் முறை, முன்னே செல்வது யார், பின்னே வருவது யார் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டு, எவரும் உரக்க ஆணையிடாமலே கிரமமாக நடந்தேறுவதைப் பார்த்தபோது, ஒரு பெரிய ஸ்தாபனம் கால் முளைத்து நடப்பதுபோல் எனக்குத் தோன்றிற்று.

இந்த யாத்திரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியதென்பது அவர்களுடைய மரபு. நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பர் என்ற உப்பு வியாபாரி பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்று, லாபத்தில் ஒரு பகுதியை முருகனுக்கென்று ஒதுக்கினார் என்றும், அதைக் கண்ட மற்றவர்களும் அவ்வாறே ஒதுக்கலானார்கள் என்றும் பழனி மடத்துப் பழஞ்சுவடிகள் சொல்லுகின்றன. அந்த ஒதுக்கீட்டுக்கு மகமை என்று பெயர். பக்தர்கள் பலரும் காணிக்கை செலுத்துகிறவர்களே. ஆயினும் இங்கே நிகழ்ந்தது சாதாரணக் காணிக்கையைக் காட்டிலும் ஆழமானது. பிற்காலத்தில் ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ ஒரு நகரத்தார் கடை தொடங்கினால், பேரேட்டில் மனிதர்களுக்கு ஒரு கணக்கு இருப்பதுபோலவே முருகனுக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டது. அதில் பணம் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பணமும் மற்றப் பணத்தைப்போலவே வட்டி ஈட்டிற்று. கூட்டாளியாகக் கடவுளே அமர்ந்திருக்கும் கணக்கில் பொய் எழுதக் கை கூசுமல்லவா? தர்ம சிந்தையும் வர்த்தகமும் ஒரே ஏட்டில், ஒரே கையெழுத்தில், ஒரே மையால் எழுதப்பட்டமையே இச்சமூகத்தின் ஆதார சுருதி என்று குன்றக்குடி அடிவாரத்தில் நின்றபோது எனக்கு விளங்கலாயிற்று.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பிள்ளையார்பட்டி. பாறையைக் குடைந்து ஆக்கிய கற்பக விநாயகரை இன்று தமிழ்நாடே அறியும். ஆகையால் அதைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வேண்டியது, வெளியூர் யாத்திரிகர்கள் அதிகம் எட்டிப் பாராத இளையாத்தங்குடியைப் பற்றித்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்பவை நகரத்தாரின் ஒன்பது கோவில்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து பாண்டிய நாட்டில் குடியேறிய தம் முன்னோர்க்கு இக்கோவில்கள் அளிக்கப்பட்டன என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் விருத்தாந்தம். 96 ஊர்களில் பரவி வாழ்ந்தார்கள் என்பதும் அந்த மரபின் ஒரு பகுதியே. இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இந்த ஒன்பதில் ஏதேனும் ஒரு கோவிலைச் சேர்ந்தது. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. இரணியூராரும் பிள்ளையார்பட்டியாரும் இரு கோவிலாராயினும் தங்களைச் சகோதரர்களாகவே கருதிக்கொண்டு மணவுறவை விலக்குகிறார்கள். ஓர் ஆண்மகனுக்குத் திருமணம் ஆனவுடன் அவனும் அவன் மனைவியும் சேர்ந்து கோவில் கணக்கில் ஒரு ‘புள்ளி’ ஆகிறார்கள். திருமண வீட்டுக்குக் கோவிலிலிருந்து மாலை வருகிறது. அந்த மாலை வந்தால்தான் அது நகரம் அறிந்த திருமணம். புள்ளிக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து வாங்குவது புள்ளி வரி. அவரவர் செல்வத்துக்கேற்ப வாங்குவது ஆஸ்தி வரி. கோவில் திருப்பணியானாலும், ஊருணி வெட்டுவதானாலும், பள்ளிக்கூடம் வைப்பதானாலும் இந்த இரு வழியிலேயே பொருள் திரண்டது. எளியவனும் ஒரு புள்ளி, கோடீசுவரனும் ஒரு புள்ளி என்ற சமத்துவத்தையும், உடையவன் அதிகம் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற நியாயத்தையும் ஒருங்கே கொண்ட இந்த ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் சட்டம் போட்டு உண்டாக்கவில்லை என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

இளையாத்தங்குடிக் கோவிலின் கல் மண்டபத்தில், கைலாசநாதரைச் சேவித்துவிட்டு நான் அமர்ந்திருந்தபோது, வயது முதிர்ந்த ஒருவர் அருகே வந்து உட்கார்ந்தார். “எந்த ஊரு, தம்பி?” என்றார். சொன்னேன். நான் நகரத்தாரல்லன் என்று தெரிந்தபின், அதனால் கொஞ்சமும் முகம் மாறாமல், தம்முடைய மூத்த மகன் வட அமெரிக்காவில் இருப்பதையும், பேரனுக்கு அங்கேயே திருமணம் நிச்சயமாகியிருப்பதையும், மாலைக்குச் சொல்லிவிட்டுப் போகவே தாம் காலையில் வந்ததையும் விவரமாகச் சொன்னார். “அவன் எங்கே இருந்தா என்னங்க, பேரு இங்கேதானே ஏறணும்?” என்று அவர் கேட்டபோது, என்னை இப்பிரயாணத்துக்கு இழுத்து வந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மனிதர்கள் தங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். ரங்கூனில் அவர்களுக்குச் சொத்து இருந்தது. பெயர் இங்கே இருந்தது.

கானாடுகாத்தானுக்குப் போனது மறுநாள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை உள்ள ஊர். அதைச் சுற்றிலும் அகன்ற தெருக்களில் மாளிகைகள். ஒரு வீட்டாரின் அன்பினால் உள்ளே சென்று பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடு உள்ளே உள்ளே விரிந்துகொண்டே போகிறது. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மகன்மார் ஒவ்வொருவருக்கும் திருமணமானதும் ஓர் அறை. அதுவே அந்தப் புள்ளியின் பொருள்கள் இருக்கும் இடம். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் அனைவரும் கூடும்போது அந்த அறையின் வாசலே அவர்களுடைய வாசல். வீட்டை இப்போது காத்து வருபவர் ஒரு மூத்த ஆச்சி. “உள்ளே வாங்க, வெயில்லே நிக்காதீங்க” என்று வரவேற்று, ஆத்தங்குடிப் பூங்கல் பாவிய தரையில் பாய் விரித்து உட்கார வைத்து, தம் மாமனார் கொண்டு விற்கப் போன கதையைச் சொன்னார்.

கொண்டு விற்கப் போவது என்பது கடல் கடந்து லேவாதேவிக்குப் போவதற்கு அவர்கள் வழங்கும் பெயர். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்த சிறுவன், கணக்குப் பெட்டியின் பக்கத்தில் அமர்ந்து குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் எழுதக் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாளாகி, முதலாளியின் பொருளையெல்லாம் தன் பொறுப்பில் ஏற்று நடத்தும் நிலைக்கு வருவான். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறினால் மூன்றாண்டுக் கணக்கு முடிந்த பிறகே ஊர் திரும்புவான். மனைவி ஊரில் இருப்பாள். அந்த மூன்றாண்டுகளில் குழந்தை வளர்ப்பு, நிலபுலம், கோவில் முறை, உறவினர் வீட்டு நல்லது கெட்டது யாவற்றையும் தாங்கியவர்கள் பெண்மக்களே. சீராக வந்த பொருளைத் தங்கள் பெயரிலேயே கடையில் போட்டு வட்டி பெருக்கிய ஆச்சிமார்கள் பலர். நகரத்தாரின் சரித்திரத்தை எழுதுவோர் கடலுக்கு அப்பால் சென்ற ஆண்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதி, வளவில் இருந்து அந்தச் சரித்திரத்தைத் தாங்கியவர்களை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடன்று.

கடைகளுக்குள் இருந்த இணைப்புத்தான் அவர்களுடைய உண்மையான மூலதனம். ஒவ்வொரு கடைக்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்த ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தைச் சொன்னாலே ஊர், கோவில், குடும்பம், கௌரவம் எல்லாம் கேட்பவனுக்கு விளங்கிவிடும். ஒரு கடையில் பணம் குறைந்தால் அடுத்த கடை கொடுக்கும். ரங்கூனில் கட்டிய பணத்தை உண்டியல் மூலம் ஊரில் பெற்றுக்கொள்ளலாம். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார்கள் கோவிலில் மாதந்தோறும் கூடி, அந்த மாதத்துக்குரிய நடப்பு வட்டியை நிர்ணயம் செய்தார்கள். சிங்கப்பூரில் ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள் அடுத்தடுத்துப் பெட்டி போட்டு அமர்ந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். பகலில் அங்கேயே வியாபாரம், இரவில் அங்கேயே படுக்கை. பினாங்கில் 1857-இலும் சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859-இலும் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுந்தது. கடை வைக்கும் ஊரிலெல்லாம் முருகனை எழுந்தருளச் செய்தார்கள். அந்தக் கோவிலே சபை, பஞ்சாயத்து, தபால் நிலையம், அன்னசத்திரம் யாவுமாக விளங்கிற்று. மௌல்மீனில் வஞ்சித்தவனுடைய செய்தி அடுத்த கப்பலிலேயே நெற்குப்பைக்கு வந்து சேர்ந்துவிடும்; பிறகு அவனை நம்பிக் கடன் கொடுப்பாரும் இல்லை, பெண் கொடுப்பாரும் இல்லை. நீதிமன்றத்தைக் காட்டிலும் இந்த அச்சமே வாக்கைக் காத்தது.

இந்த இணைப்பின் பலத்தைச் சொல்லுகிறவன் அதன் பாரம் யார்மேல் விழுந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன். 1929–30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கிக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. இராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகளைத் திருத்தி உலகத்துக்கே அரிசி அனுப்பும் கழனியாக்கிய பர்மியக் குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் உழவுக்கும் பணம் கொடுத்தது இந்தக் கடைகளே. ஆங்கிலேய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆயினும் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடனைத் தீர்க்க வழியற்ற அந்தக் குடியானவனின் நிலம் ஈட்டுக்காகக் கடைக்காரரின் கைக்கு வந்தது. நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதமாயிற்று. நிலத்தை வேண்டி அவர்கள் கடன் கொடுக்கவில்லை என்பது மெய். கழனியை இழந்தவனுக்கு அந்த மெய்யினால் ஆறுதல் ஏதுமில்லை என்பதும் மெய். தன் புள்ளிகளுக்குள் இத்தனை பரிவோடு நடந்துகொண்ட சமூகம், புள்ளியல்லாத அந்தப் பர்மியனைத் தன் கணக்கில் ஈட்டுக் கணக்காக மட்டுமே எழுதிவைத்தது அதன் குறை என்றே நான் கருதுகிறேன். 1942-இல் ஜப்பானியர் படை நுழைந்தபோது பலர் கால்நடையாகவே அசாம் காடுகளைத் தாண்டி வந்தார்கள்; சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டு வந்தது; 1960-களில் எஞ்சியிருந்த கடைகளும் முடிந்தன. பணம் போயிற்று, வீடுகள் பூட்டப்பட்டன.

இவ்விடத்தில் பிரயாணத்தை முடித்திருந்தால், எழுந்து விழுந்த ஒரு வணிகக் குலத்தின் கதையோடு நான் திரும்பியிருப்பேன். ஆனால் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்தின் வாசலில் நின்றபோது வேறொரு கதை கண்முன் விரிந்தது. 1917-இல் சொ. முருகப்பா முதலிய இளைஞர்கள் தொடங்கிய சங்கம் அது. 1919-இல் பாரதியார் இங்கே வந்தார். சங்கத்தைப் போற்றிக் கவிதை பாடினார். கையில் தடியும் தலையில் முண்டாசுமாக நாம் எல்லோரும் அறிந்த அவருடைய புகைப்படம் காரைக்குடியில் எடுக்கப்பட்டதே. கானாடுகாத்தானில் வை. சு. சண்முகம் செட்டியார் வீட்டிலும் அவர் விருந்தினராக இருந்தார். 1927-இல் காந்தியடிகள் செட்டிநாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, அந்நியச் சாமான்கள் நிரம்பிய மாளிகைகளைக் கண்டு மனம் வருந்தித் தம் கருத்தை மறைக்காமல் வெளியிட்டார். அதே பயணத்தில் சிராவயலில் ஆசிரமம் நடத்திவந்த இளைஞர் ஜீவானந்தத்தைத் தேடிச் சென்று சந்தித்தார்.

உப்பும் வட்டியும் போன வழியிலேயே இந்தப் புதிய எண்ணங்களும் போயின என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. முருகப்பா தொடங்கிய ‘தனவைசிய ஊழியன்’, பிறகு ராய. சொக்கலிங்கம் நடத்திய ‘ஊழியன்’, முருகப்பாவின் ‘குமரன்’ ஆகிய பத்திரிகைகள் காரைக்குடியில் அச்சாகி, கடை விலாசங்களைத் தேடிக்கொண்டு கடல் கடந்து சென்றன. ரங்கூனில் இருந்து ‘தனவணிகன்’ வெளிவந்தது. புதுமைப்பித்தன் சில காலம் ‘ஊழியன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். விதவைகளின் மறுமணத்துக்கென்றே 1930-களில் காரைக்குடியிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது என்பதையும், ஆசாரத்தில் அத்தனை பற்றுடைய ஊர்களிலேதான் அது படிக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருமண அழைப்பையும் நடப்பு வட்டியையும் சுமந்து பழகிய ஒரு வலைப்பின்னல், தன் ஆசாரத்தையே கேள்வி கேட்கும் எழுத்துக்களையும் சுமந்தது. தபால் பை உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. நெருக்கமாகக் கட்டுண்ட சமூகங்கள் மாறவே மாறா என்று நினைப்பவர்கள் காரைக்குடியின் பழம் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தால் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள். மாறத் தொடங்கிவிட்டால் அவை சேர்ந்தே மாறுகின்றன.

மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை நிறுவப்பட்டதற்குப் பின்னால் நின்ற தூண்டுதல் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். இளமையிலேயே வாத நோயினால் கால் நடை தளர்ந்தவர். பெரும்பாலும் தாமே முயன்று தமிழும் வடமொழியும் கற்றவர். அவருடைய ஊர் மகிபாலன்பட்டி. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் இதுவே என்பர். எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லோரையும் தன் உறவாகவும் எண்ணச் சொன்ன புலவரின் ஊரைச் சுற்றிலும், எந்த ஊர், என்ன கோவில் என்று கேட்டே உறவு பாராட்டும் சமூகம் வாழ்ந்து வருவது எனக்கு முதலில் முரண்பாடாகவே தோன்றிற்று. மகிபாலன்பட்டியின் தெருவில் நடந்துகொண்டே யோசித்தபோது, உலகத்துக்கு உறவாக விரும்புகிறவனுக்கும் முதலில் நின்றுகொள்ள ஓர் ஊர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அந்த ஊரின் வாசலைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்பதே ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

வாசல் திறந்தபோதெல்லாம் தமிழகம் அடைந்த பயன் பெரிது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். 1947-இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊருக்கு வரவேண்டுமென்று அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும். இவற்றில் படித்தவர்களின் கோவில் எது என்று எவரும் கேட்கவில்லை. 1939-இல் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகமும் அப்படியே. குறித்த நிமிஷத்தில் தொடங்கிக் குறித்த நிமிஷத்தில் முடிவது காரைக்குடிக் கம்பன் விழாவின் புகழ்பெற்ற ஒழுங்கு. கடைக் கணக்கில் காட்டிய அதே கண்டிப்பைக் காவியத்துக்கும் காட்டினார்கள் என்றே நான் அதைக் கொள்ளுகிறேன். அதன் மாதிரியில் ஊர் ஊராகக் கம்பன் கழகங்கள் தோன்றி, கடல் கடந்து கொழும்பு வரையில் பரவின. சைவத்தில் ஊறிய ஒரு சமூகம் ராம காதையைத் தன் விழாவாக ஏற்று அதைத் தமிழர் அனைவரின் விழாவாக ஆக்கியது சாமானியமான செயலன்று.

கோட்டையூர் காரைக்குடியை ஒட்டிய ஊர். பயணக் கட்டுரை எழுத முயலும் தமிழன் எவனும் இந்த ஊருக்கு ஒரு வணக்கம் செலுத்தியே ஆகவேண்டும்; பயண நூல்கள் எழுதிய ஏ. கே. செட்டியார் பிறந்த ஊர் அல்லவா? ரங்கூனில் ‘தனவணிக’னுக்கு ஆசிரியராக இருந்தவர்; ஜப்பானுக்குச் சென்று புகைப்படக் கலை கற்றவர்; காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிப் பல கண்டங்கள் அலைந்து, 1940-இல் அவற்றை ஒரு முழுப் படமாக்கி வெளியிட்டவர்; பிறகு ‘குமரி மல’ரை நடத்திப் பழந்தமிழ்ப் பத்திரிகைகளில் புதைந்து கிடந்தவற்றை மீட்டுத் தந்தவர். இதே கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் பழம் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூட விடாமல் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைய வழி செய்தது. இன்று தமிழ் ஆராய்ச்சியில் ஈடுபடுகிறவர் எவரும் அந்த நூலகத்துக்குக் கடன்பட்டவரே. ராயவரத்திலிருந்து சென்ற சக்தி வை. கோவிந்தன் 1957-இல் பாரதியார் கவிதைகளை எளியவனும் வாங்கும் விலையில் அச்சிட்டதும், அதே ராயவரத்து அழ. வள்ளியப்பா குழந்தைகளுக்காகப் பாடியதும் இந்தத் தொடரைச் சேர்ந்தவையே. கணக்கு எழுதிய கையே புத்தகம் அச்சிட்டது. எதையும் எழுதி வைக்கவேண்டும், எழுதியதைக் காக்கவேண்டும் என்ற பழக்கம் பேரேட்டிலிருந்து நூலகத்துக்கு வந்தது என்று நான் துணிந்து சொல்லுவேன்.

இன்று அந்த வலைப்பின்னல் தேய்ந்துவிட்டதா? முற்றிலும் தேயவில்லை. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாளை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பன்று, இருபத்தோரு நூலிழைகளைத் திரியாக்கி, நெய்யில் நனைத்து, மாவில் பதித்து ஏற்றி, அந்தச் சுடரோடே வாயில் இட்டுக்கொள்ளும் வழக்கத்தைச் சிங்கப்பூரிலும் லண்டனிலும் நகரத்தார் ஒன்றுகூடி நடத்துகிறார்கள். காசியில் அவர்களுடைய சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குரிய பொருள்கள் நாள்தோறும் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருக்கின்றன. இருநூறு ஆண்டுகளாக அந்த வழக்கம் நடந்து வருவதாகச் சொல்லுகிறார்கள். கைபேசியில் வரும் ஜாதகக் குறிப்புகளிலும் ஊரும் கோவிலுமே முதல் வரியாக இருப்பதைக் கானாடுகாத்தானில் கண்ட அந்த ஆச்சி எனக்குக் காட்டினார்.

ஆனால் வீடுகளின் கதி வேறு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்குரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், பங்காளிகள் பெருகிப் பராமரிப்புக்கு ஒருமுகமாக ஆள் இல்லாமையால் பல மாளிகைகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்பட்டிருப்பதைக் காரைக்குடியில் கண்டேன். தூணையும் கதவையும் வாங்க ஆள் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் சாக்கில் கட்டிக் கிடந்த பழம் பேரேடுகளையும், ரங்கூன் முத்திரை பதிந்த கடிதக் கட்டுகளையும், சம்பளச் சீட்டுகளையும் எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவை எடைக்குப் போகும் என்று கடைக்காரர் சொன்னார். என் நெஞ்சு பதறிற்று. முருகனுக்கு வரவு வைத்த வரியும், பர்மியக் குடியானவனின் ஈட்டுப் பத்திரமும், மூன்றாண்டு பிரிந்திருந்த மனைவிக்கு எழுதிய கடிதமும் அந்தச் சாக்குகளிலேதான் இருக்கின்றன. இச்சமூகத்தின் பெருமையையும் குறையையும் நடுநிலையோடு எழுத விரும்பும் சரித்திரக்காரனுக்கு அவற்றைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

செட்டிநாட்டில் பூட்டிய வீடு உடைய ஒவ்வொரு குடும்பத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வீட்டை விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம், ஆனால் பெட்டகத்தைத் திறந்து அதிலுள்ள ஏடுகளையும் கடிதங்களையும் எடைக்குப் போடாமல், ஒரு நல்ல நூலகத்தில் உங்கள் விலாசத்தின் பெயராலேயே ஒப்படைத்துவிடுங்கள்.